காருக்குள் ஒரு வழித்துணை: மலைச்சாலையில் ஆடியோ டூர் போவது எப்படி?

வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் விரிஞ்சிபுரம் வந்துவிடும். அந்த இடம் வந்ததும் எங்கள் பெரியப்பா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அங்கே குடியிருக்கும் சிவனுக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். ஆடியோ டூர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தப் பெயரைத்தான் சொல்வேன். நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறீர்கள், கூடவே ஒரு குரல் வருகிறது, சொல்லவேண்டிய இடம் வந்ததும் வாயைத் திறக்கிறது, மற்ற நேரமெல்லாம் சும்மா வருகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சும்மா வருவதில்தான் பாதி சூட்சுமம் இருக்கிறது. ஏலகிரியைப் பற்றி யூடியூபில் எத்தனையோ வீடியோ கிடக்கிறது, அதில் ஒன்றைக் காரில் ஓடவிட்டால் அது ஆடியோ டூர் ஆகாது, ரேடியோ கேட்பது மாதிரிதான். ஆடியோ டூரில் ஒவ்வொரு பேச்சும் ஒரு இடத்தோடு முடிச்சுப் போட்டிருக்கும். ஆம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும்தான் நினைவுக்கு வரும், எனக்கும் அப்படித்தான். ஆனால் 1749 ஆகஸ்ட் 3-ல் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் போரில் செத்து விழுந்தது இந்த ஆம்பூரில்தான், ஒரு பக்கம் அவர் படை, எதிரில் சந்தா சாகிப்பும் முசாபர் ஜங்கும் அவர்களோடு சேர்ந்த பிரெஞ்சுக்காரர்களும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து படித்தால் இது பரீட்சைக்கான வரி. வலது இடது இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கிவரும் அந்த இடத்தில், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டால், இந்தக் கணவாயை மறித்து ஏன் நின்றார்கள் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

இந்த யோசனை புதிதில்லை. 1952-லேயே ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெட்லிக் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் ஒரு சின்ன ரேடியோப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒலிபரப்பாகும் விளக்கத்தைக் கேட்டபடியே நடந்திருக்கிறார்கள். அப்புறம் கேசட் வந்தது, சிடி வந்தது. காருக்கு இது சரிப்பட்டு வராமலே இருந்ததற்குக் காரணம், கார் எங்கே இருக்கிறது என்று கேசட்டுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் இருந்தும் ரொம்ப நாள் உதவவில்லை, ஏனென்றால் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டுக்கொண்டிருந்தது, நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் "இந்த மரத்தடிக்கு வந்ததும் பேசு" என்று ஒரு கருவிக்குச் சொல்லிவைக்க முடிந்தது. இன்றைக்கு வெளிநாடுகளில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, கைடுஅலாங், ஷாக்கா கைடு, வாய்ஸ்மேப் என்று. கனடாவில் லேக் லூயிஸுக்கும் ஜாஸ்பருக்கும் நடுவே இருக்கும் மலைச்சாலை ஏறக்குறைய 230 கிலோமீட்டர், வழியில் பெரும்பகுதி தூரத்துக்கு போன் சிக்னலே கிடையாது, ஆடியோ டூர் போட்டுக்கொண்டு போவதற்குப் பேர்போன சாலைகளில் அது ஒன்று.

சரி, அந்தக் குரலுக்கு எப்படித் தெரிகிறது? தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் இப்போது மணி இன்னது, நான் இருப்பது இன்ன இடம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தது நாலு செயற்கைக்கோளின் பேச்சு காதில் விழுந்தால், ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு உங்கள் போன் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். வானம் திறந்திருக்கும் இடத்தில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். இதில் கவனிக்கவேண்டியது, போன் கேட்கிறதே தவிர எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் டவர் இல்லாத காட்டிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், இன்டர்நெட் வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம். சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போவது மேப்பின் படம், நாம் இருக்கும் இடம் இல்லை.

டூர் தயாரிக்கிறவர் மேப்பில் ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டுவைப்பார். உங்கள் கார் அந்த வட்டத்துக்குள் நுழைந்ததும் அதற்கான ஒலிக்கோப்பு ஓட ஆரம்பிக்கும். கேட்க ரொம்ப எளிது. ஆனால் வட்டத்தை எங்கே போடுவது, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதில்தான் நல்ல டூரும் மோசமான டூரும் பிரிகின்றன.

நாலுவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறீர்கள். ஒரு நிமிடப் பேச்சு முடிவதற்குள் 1.3 கிலோமீட்டர் போய்விடும். அதனால் "வலது பக்கம் பாலாறு" என்று சொல்லவேண்டிய குரல், பாலாறு கண்ணில் படுவதற்கு நல்ல தூரம் முன்னாடியே தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டும். பாலாற்றுக்குப் பரவாயில்லை, அது நம்மோடு வாணியம்பாடி வரைக்கும் மணலாகவே கூட வரும், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தப்பில்லை. கோயில் கோபுரம், ஒரு நடுகல், சாலையோர ஏரி என்றால் விட்டால் விட்டதுதான். போன வருஷம் குடகுப் பக்கம் போனபோது ஒரு ஆப்பில் காசு கொடுத்து டூர் வாங்கியிருந்தேன். இனிமையான குரல்தான், இல்லையென்று சொல்லவில்லை. "இப்போது உங்கள் இடப்பக்கம் அழகான ஏரி" என்று அது சொன்னபோது இடப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது.

"இன்னாடா, அந்தம்மா ஏரியைப் பாருன்றா, ஏரிதான் அப்பவே போயிடுச்சே" என்றார் பின்சீட்டில் பெரியப்பா.

"கொஞ்சம் லேட்டா சொல்றாங்க பெரியப்பா."

"லேட்டா சொல்றதுக்கு நான் இல்ல? அதுக்குக் காசு வேற குட்த்தியா?"

அதே நாளில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மலை ஏறி முக்கால்வாசி தூரம் போனதும் குரல் சுத்தமாக நின்றுபோனது. ஆப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, டூரை வாங்கிய நான் அதை டவுன்லோடு செய்யவே இல்லை. வாங்குவது வேறு, போனுக்குள் இறக்கி வைப்பது வேறு. காசு கட்டியதும் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி வீட்டு வைஃபையை விட்டுக் கிளம்பினால் அடிவாரத்தோடு சரி.

இப்போது நம்ம ஊர் மலைக்கு வருவோம், ஏனென்றால் வட்டம் போடுகிற கஷ்டம் முழுசாகத் தெரிவது ஏலகிரியில்தான். வாணியம்பாடி தாண்டி ஜோலார்பேட்டை பக்கம் பொன்னேரி கூட்ரோட்டிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். கொண்டை ஊசி என்றால் சாலை போன வழியே திரும்பி, தன் தலைக்கு மேலேயே நடந்து போகிறது என்று அர்த்தம். மேப்பில் பார்த்தால் மேல் சாலைக்கும் கீழ் சாலைக்கும் நடுவே இடைவெளி சில இடங்களில் சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும். இங்கே நூறு மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டால் அது கீழ் வளைவையும் மேல் வளைவையும் சேர்த்து விழுங்கிவிடும். நீங்கள் ஐந்தாவது வளைவில் இருக்கும்போதே ஏழாவது வளைவின் கதை ஓட ஆரம்பிக்கும். மேலும் ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை நிற்பதால் பாதி வானம் மறைந்துபோகிறது, செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டு எகிறி வருகிறது, எகிறி வருவது கொஞ்சம் சுற்றி வருவதால் போன் தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போடுகிறது. சமவெளியில் ஐந்து மீட்டர் துல்லியம் காட்டிய அதே போன் இங்கே தடுமாறும்.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று வழி வைத்திருக்கிறார்கள். வட்டத்தைச் சின்னதாக்கி, வளைவில் போடாமல் இரண்டு வளைவுக்கு நடுவிலுள்ள நேர்ச்சாலையில் போடுவார்கள். அப்புறம் வரிசையைக் கட்டாயமாக்குவார்கள், அதாவது நாலாவது பேசி முடிக்காமல் ஐந்தாவது பேசாது. கார் எந்தத் திசையில் போகிறது என்றும் பார்ப்பார்கள், ஏறும்போது பேசியதை இறங்கும்போது திரும்பப் பேசிக் கழுத்தறுக்கக்கூடாது இல்லையா. நீங்கள் ஒரு டூர் வாங்குவதற்கு முன் விமர்சனங்களைப் படித்தால் குரல் நன்றாக இருக்கிறதா என்பதைத் தேடாதீர்கள், இடம் தவறிப் பேசுகிறதா என்று யாராவது புலம்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஏலகிரி சாலையில் ஒரு வசதி, எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமலே அது பாதி ஆடியோ டூராக இருக்கிறது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரையும் கடையேழு வள்ளல்கள் பெயரையும் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர் என்று வந்து, பாரி, காரி, ஓரி என்று போகும். பேகன் வளைவு வந்ததும் மயிலுக்குப் போர்வை போர்த்திய கதையையும், பாரி வளைவில் முல்லைக்குத் தேர் கொடுத்த கதையையும், அதியமான் வளைவில் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியையும் சொன்னால் போதும், அதியமான் ஆண்ட தகடூர் வேறு பக்கத்து தருமபுரிதான். மலைச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நிமிடத்தில் 330 மீட்டர் போவீர்கள், ஒரு வள்ளலுக்கு அது தாராளம். பின்சீட்டில் ஸ்கூல் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே ஆளுக்கு ஒரு வள்ளலைப் பிரித்துக்கொண்டு முந்தின நாள் ராத்திரி போனில் பேசிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள், வாந்தி வருகிறது என்று அழாமல் தன் வளைவு எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு வருவார்கள்.

இப்படித்தான் நானும் வாங்குவதை விட்டுவிட்டுச் செய்வதில் இறங்கினேன். ஜவ்வாது மலைக்குத் தமிழில் ஒரு டூர் வேண்டும் என்று தேடிப்பார்த்தேன், என் கையில் எதுவும் சிக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர், திரும்ப வேலூர் என்று ஒரு சுற்று போட்டேன். காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம். இதில் இன்னொரு ருசியும் இருக்கிறது. இந்த ஒரே சுற்றில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டம் மாறுவீர்கள், மூன்றும் 1989 வரைக்கும் ஒரே வட ஆற்காடு. அந்த வருஷம் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பெரியப்பாவுக்கு இன்னும் எல்லாம் என்.ஏ.டி.தான், அதாவது நார்த் ஆற்காடு டிஸ்ட்ரிக்ட்.

செய்வதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர், கூகுள் மை மேப்ஸில் குத்திவைக்கப் பத்துப் பன்னிரண்டு இடம், பக்கத்துச் சீட்டில் ஒரு ஆள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 01 விரிஞ்சிபுரம், 02 ஆம்பூர் என்று எண்ணோடு வையுங்கள், இல்லாவிட்டால் போன் அகரவரிசையில் அடுக்கி ஆம்பூரை முதலில் போட்டுவிடும். இடம் நெருங்கியதும் பக்கத்துச் சீட்டுக்காரர் பட்டனை அமுக்குவார், அவ்வளவுதான் நம்ம ஜிபிஎஸ். இதைத் தானாக ஓடும்படி செய்யவேண்டும் என்றால் இஸி டிராவல் மாதிரித் தளங்களில் யார் வேண்டுமானாலும் டூர் ஏற்றலாம். ஆனால் முதல் தடவை கையால் ஓட்டிப்பார்த்தால்தான் எந்த இடத்தில் எவ்வளவு முன்னாடி பேசவேண்டும் என்று பிடிபடும். நான் ஒவ்வொரு இடத்துக்கும் அடையாளத்தைக் குறித்துக்கொண்டேன், "ஆலங்காயம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும்" என்கிற மாதிரி. போனை விடச் சாலைதான் நம்பகமான கடிகாரம்.

என்ன பேசுவது என்பது அடுத்த கேள்வி. விக்கிபீடியாவை அப்படியே வாசித்தால் மூன்றாவது நிமிடத்தில் காரில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், ஓட்டுகிறவரும் சேர்ந்து. கண்ணுக்குத் தெரிகிறதிலிருந்து ஆரம்பித்துத் தெரியாததற்குப் போகவேண்டும். காவலூருக்கு நான் பேசியதைச் சொல்கிறேன். முதலில், "சுத்தி ஏதாவது தெருவிளக்கு தெரியுதா பாருங்க" என்று ஒரு வரி. தெரியாது, காடுதான். அதற்கு அப்புறம்தான், இந்த இருட்டைத் தேடித்தான் வைணு பாப்பு என்கிற வானியலாளர் 1960-களில் இங்கே வந்தார், 1967 வாக்கில் சின்னத் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பித்தது, 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தபோது அதைக் கவனித்த இடங்களில் இந்தக் காவலூரும் ஒன்று என்று போகும். ஏன் இந்த மலை என்றால், பூமத்திய ரேகைக்குப் பக்கம், சுமார் பன்னிரண்டரை டிகிரியில் இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானமும் நிறையத் தெரியும். 725 மீட்டர் உயரம்தான், ஊட்டியில் பாதிகூட இல்லை. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-லேயே இறந்துவிட்டார், அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். மொத்தம் இரண்டு நிமிடம். உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்றால் எந்த நாள், எந்த நேரம் விடுகிறார்கள் என்று கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், அதை ஒலிக்கோப்பில் பதிந்துவைக்காதீர்கள். மாறக்கூடிய எதையும், டிக்கெட் விலை, நேரம், எந்தக் கடையில் போண்டா நன்றாக இருக்கும், இதெல்லாம் பதிவில் வந்தால் ஆறு மாதத்தில் உங்கள் டூர் பொய் பேச ஆரம்பித்துவிடும்.

சொல்லும் முறைக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்றால் ரொம்ப தூரம் போகவேண்டாம், செங்கம் வரைக்கும் போனால் போதும். செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் ஓர் ஆற்றுப்படை, பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. ஆற்றுப்படை என்றாலே வழிகாட்டுவதுதான், பரிசு வாங்கித் திரும்புகிற ஒரு கலைஞன் எதிரே வரும் கூத்தர்களுக்கு மலைவழியைச் சொல்கிறான். பன்றிக்குப் பொறி வைத்திருக்கிற இடம் எது, பாம்பு கிடக்கும் குழி எது, புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறியும் இடம் எது, எந்தச் சிற்றூரில் என்ன சோறு கிடைக்கும் என்று எல்லாம் போகும் வரிசையிலேயே வரும். பாம்பைத் தாண்டியபிறகு பாம்பு இருந்தது என்று அவன் சொல்லவில்லை, என் குடகு ஆப்பு அதைத்தான் செய்தது. இன்னொன்று, அந்த மலையில் எழும் சத்தங்களையே ஒரு நீண்ட பட்டியலாகப் பாட்டில் அடுக்கியிருப்பார்கள், அருவிச் சத்தத்திலிருந்து தினை குத்தும் பாட்டு வரைக்கும். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, என் பதிவில் என் குரலைத் தவிர ஒன்றுமே இல்லை. அடுத்த தடவை போனபோது ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் பீமன் அருவியில் முப்பது விநாடி வெறும் தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். கோடையில் போகிறவர்களுக்கு அருவி ஏமாற்றிவிடும், காதிலாவது விழட்டும்.

ஜமுனாமரத்தூரில் இன்னொரு தவறும் செய்தேன். மேலே குடியிருக்கும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளாவா என்று கேட்காதவர் இல்லை, நானும் என் முதல் பதிவில் குழப்பி வைத்திருந்தேன். மலையை ஆள்பவர்கள் என்கிற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் மரபுக் கதை. அங்கே சாலையோரம் சாமை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் சொல்லித்தான் திருத்திக்கொண்டேன். அவர் பேசியதையே பதிவுசெய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டார், விட்டுவிட்டேன். கேட்காமல் மேசைக்கடியில் போனை ஓடவிடுகிற வேலையை யாரும் செய்யாதீர்கள். நமக்கு அது சுற்றுலா, அவர்களுக்கு அது வீடு.

அப்புறம் ஓட்டுகிறவர் விஷயம். மலைச்சாலையில் காதுக்கு வேலை அதிகம். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறதா என்பதைக் கண்ணுக்கு முன் காதுதான் சொல்லும், ஹாரன் சத்தம் கதைச் சத்தத்தில் அமுங்கிப் போனால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. அதனால் ஓட்டுகிறவர் காதில் இயர்போன் கூடவே கூடாது, கார் ஸ்பீக்கரில் மெதுவாக, ஜன்னல் இரண்டு விரல் திறந்து. நான் பதிவுசெய்யும்போதே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வாக்கியம் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன், பஸ் டிரைவர் வளைவில் பேச மாட்டார் இல்லையா, அந்த மாதிரி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படியும் குற்றம், ஸ்டாண்டில் வைத்தாலும் ஓட்டுகிறவர் அதைத் தொடவேண்டாம். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது சாலை விதி. இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ ஏறத்தாழ அதிலேயே இறங்கவேண்டும், பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இதெல்லாம் தெரியாதவர்கள் முதல் தடவை ஆடியோ டூரே போடாமல் மலை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள், கதை எங்கும் ஓடிப்போகாது.

போனில் செய்யவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் முந்தின நாளே செய்யவேண்டும். டூரை டவுன்லோடு செய்துவிட்டு, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையும் அணைத்து, ஒரு கோப்பை ஓட்டிப்பாருங்கள். ஓடினால் உள்ளே இறங்கிவிட்டது, ஓடாவிட்டால் இன்னும் வானத்தில்தான் இருக்கிறது. இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆஃப்லைன் மேப்பையும் அப்படியே இறக்கிக்கொள்ளுங்கள். ஆப்புக்கு இருப்பிட அனுமதி கேட்கும்போது, திரை அணைந்திருக்கும்போதும் பார்க்கலாம் என்கிற மாதிரி விருப்பத்தைக் கொடுங்கள். பேட்டரி சேவரை அணைத்துவிடுங்கள், நிறைய போன்களில் அதுதான் பின்னணியில் ஓடும் ஜிபிஎஸ்ஸைத் தூங்கவைத்துவிடுகிறது, நாம் ஆப்பைத் திட்டிக்கொண்டிருப்போம். ஜிபிஎஸ் நாள் முழுக்க ஓடினால் சார்ஜ் குடிக்கும், கார் சார்ஜர் மறக்காதீர்கள். வீட்டு வாசலிலேயே, டவர் இருக்கும்போதே, மேப்பைத் திறந்து இடத்தைப் பிடிக்கவிட்டுக் கிளம்பினால் வழியில் சீக்கிரம் பிடிக்கும். காட்டுக்குள் போய் முதல்முறையாகத் திறந்தால் சில நிமிடம் தேடிக்கொண்டே நிற்கும்.

எவ்வளவு பேசலாம் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், மணிக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. மீதி நேரம் காரில் இருப்பவர்கள் பேசட்டும், பாட்டு போடட்டும், சண்டை போட்டுக்கொள்ளட்டும். என் முதல் பதிப்பில் வேலூர்க் கோட்டையிலேயே ஆரம்பித்து 1806 சிப்பாய்ப் புரட்சியை ஏழு நிமிடம் விளக்கியிருந்தேன், கார் கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டுவதற்குள் என் அக்கா பாட்டு போடச் சொல்லிவிட்டாள். நியாயம்தான், கோட்டையை தினமும் பார்க்கிறவளுக்கு அது எதற்கு.

இப்போது ஓடுகிற பதிப்பில் பாதிக்கு மேல் பெரியப்பா குரல். அவர் ஒரு காலத்தில் புளி, கடுக்காய் வாங்க ஆலங்காயம் வழியாக மலைக்குப் போய்வந்த ஆள், திருப்பத்தூர் சந்தனக் கிடங்கைப் பற்றி ஆரம்பித்தால் அணை உடைந்த மாதிரி வரும். வீட்டில் உட்காரவைத்து மைக் நீட்டினால் "அதெல்லாம் இன்னா இருக்குது சொல்றதுக்கு" என்று எழுந்து போய்விடுகிறார். அதனால் காரிலேயே உட்காரவைத்து, அந்தந்த இடம் வரும்போது பேச்சைக் கிளப்பிவிட்டு, பின்சீட்டில் போனை ஓடவிட்டோம், அவருக்குச் சொல்லிவிட்டுத்தான். என்ஜின் சத்தம், கண்ணாடி தட்டும் காற்று எல்லாம் பதிவில் கேட்கிறது, அழிக்கவில்லை. போளூர் இறங்கியதும் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார், அதனால் போளூரிலிருந்து சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாக வேலூர் வரைக்கும் எங்களிடம் ஒரு கோப்பும் இல்லை. சந்தவாசலுக்குப் பக்கத்தில் படவேடு இருக்கிறது, சம்புவராயர் தலைநகர், ரேணுகாம்பாள் கோயில், பேச எவ்வளவோ உண்டு. கோப்பு எண் 11 இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, அடுத்த தடவை அவரைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேசவைக்கவேண்டும்.